குடலில் ஒழுகிப் போகும் சத்து

(தாய்மாரும் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர்களும் கூடிய மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, அடுப்பு வேலையையும் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வயிற்றோட்டம், தண்ணீர் கொதிக்க வைப்பது, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகை, தடுப்பூசி என்று பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவது அப்படிப் பொதுவான நோய் அல்ல. மிகவும் அரிதான ஒரு குடல் நோய். நம்மில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு தடவைகூட இதைக் காணப்போவதில்லை. அப்படியென்றால் எதுக்கு இதைப் பேசணும் என்று கேட்பீர்கள்.

காரணம் இருக்கிறது. நம்ம டிவிஷன் ஒன்றில் 3 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இந்த நோய் இருப்பதை வைத்தியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் செய்தி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது செய்தியாக வரவில்லை, கதையாக வந்தது. "அது ஒட்டுற நோயாம்" என்றார் ஒருவர். "தாய்க்காரி புள்ளைக்கு ஒழுங்கா சோறு குடுக்கல, அதான் வீங்கிருச்சு" என்றார் இன்னொருவர். கிடைத்த திரிபோஷாவைப் பெரியவர்கள் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. யாரோ செய்து வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. இரண்டு தாய்மார் எங்களிடமே நேரில் வந்து, "அந்தப் புள்ளைய பிள்ளைக்காம்பராவுல சேர்த்தா எங்க புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்" என்று சொன்னார்கள். அதனால் அந்தத் தாய் 2 மாதமாக மலைக்குப் போகவில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தாய் தகப்பன் சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறோம். பெயர் சொல்ல மாட்டோம். தெரிந்தவர்கள் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வீக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அது பல நோய்களுக்கு ஒரு அடையாளம். பாதத்தின் மேற்பக்கத்தில் பெருவிரலால் 3 விநாடி அமத்திப் பிடியுங்கள். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றால், தோலுக்கு அடியில் நீர் கட்டியிருக்கிறது. ஒரு காலில் மட்டும் இருந்தால் அடிபட்டதாகவோ புண்ணாகவோ இருக்கலாம். இரண்டு காலிலும் குழி விழுந்தால் அது உடம்புக்குள்ளே இருக்கும் கோளாறு.

நம்ம தோட்டங்களில் ஒரு காலத்தில் வீக்கம் என்றாலே கொக்கிப்புழு என்றுதான் நினைப்பார்கள். அதில் உண்மையும் இருந்தது. கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் வெளுத்து, கால் வீங்கி, ஏறுமலையில் மூச்சு வாங்கும். 1916ஆம் ஆண்டிலேயே ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைக்கு வந்து தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கினார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்திருக்கும் என்று பாருங்கள். வெறுங்காலோடு மலைக்குப் போகாதீங்க, கக்கூசைப் பாவியுங்க, பூச்சி மருந்து எடுங்க என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதன் காரணம் அதுதான். வேறு சிலர் கால் வீங்கினால் யானைக்கால் என்று பயப்படுவார்கள். யானைக்கால் நோய் நம்ம மலைநாட்டு நோய் அல்ல. கரையோரப் பக்கங்களில் இருந்தது. அதையும் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்கிவிட்ட நாடு என்று 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

இவை போக, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, இருதயக் கோளாறு, சத்துக்குறைவு இவற்றாலும் வீக்கம் வரும். கர்ப்பிணித் தாய்க்கு முகமும் கையும் வீங்கினால் அது தனிக்கதை. அன்றைக்கே பிரஷர் பார்க்கணும், தள்ளிப்போடக்கூடாது.

இவை எதுவும் இல்லாமல் வரும் வீக்கம் ஒன்று உண்டு. அதுதான் இன்றைய பேச்சு.

நம்ம இரத்தத்தில் அல்புமின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஈரல்தான் அதைச் செய்கிறது. பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் வரை செய்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிலீற்றருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை அது இருக்கணும். இந்த அல்புமினுக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. இரத்தக் குழாய்க்குள்ளே இருக்கிற நீரை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது. அல்புமின் குறைந்தால் நீர் குழாயை விட்டு வெளியே கசிந்து, காலிலும், வயிற்றிலும், கண் இமையிலும் கட்டிக்கொள்ளும். சில பேருக்கு நெஞ்சுக்கூட்டிலும் நீர் கட்டும். நல்ல ஆளிடம் ஒருமுறை செய்த அல்புமின் அரைவாசியாகக் குறைய ஏறக்குறைய 20 நாள் ஆகும். இந்த நோய்க்காரருக்கு அதைவிட மிக வேகமாகத் தீர்ந்துபோகும்.

அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சிறுநீரில் போகவில்லை. குடலுக்குள்ளே ஒழுகிப் போகிறது.

இதை விளங்கிக்கொள்ள மலையில் வெட்டியிருக்கும் கானை நினைத்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் ஒழுங்காக இறங்கிப் போவதற்குத்தான் கான் வெட்டுகிறோம். நம்ம உடம்பிலும் அப்படிக் கான்கள் உண்டு. இரத்தக் குழாய் வேறு, இது வேறு. நிணநீர்க் குழாய் என்று பெயர். உடம்பு முழுவதும் தசைகளுக்கு இடையில் கசியும் நீரையும் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்ப இரத்தத்தில் கொண்டுபோய் விடுவது இதன் வேலை. குடலில் இருக்கும் நிணநீர்க் குழாய்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிறுகுடலின் உட்பக்கத்தில் நூல் நூலாகச் சடைமுளைகள் நிறைந்திருக்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். சோறு, பருப்பின் சத்து நேராக இரத்தத்துக்குப் போகும். ஆனால் எண்ணெய், தேங்காய்ப்பால், நெய், இறைச்சிக் கொழுப்பு இவற்றின் சத்து இரத்தத்துக்கு நேரே போகாது. சடைமுளைக்குள் இருக்கும் நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போகும். கொழுப்பான சாப்பாடு சாப்பிட்ட பிறகு அந்தக் குழாயில் ஓடும் நீர் பால் போல வெள்ளையாக இருக்கும்.

இந்த நோயில் அந்தக் கான் சரியாக அமையவில்லை. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குடலின் நிணநீர்க் குழாய்கள் ஒழுங்காக அமையாமல், ஓட்டம் தடைப்பட்டு, பலூன் மாதிரி ஊதிப் போய்விடுகின்றன. கடைசியில் கரை உடைகிறது. உள்ளே இருந்த நீர் குடலுக்குள் ஒழுகுகிறது. அதோடு அல்புமின் போகிறது. நோயை எதிர்க்கும் புரதங்கள் போகின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையும் போகின்றன. கொழுப்போடு சேர்ந்து வரும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும், கல்சியமும் குறைந்து போகின்றன. கல்சியம் குறைந்தால் கை விரல் இழுத்துக்கொள்ளும், சில பிள்ளைகளுக்கு வலிப்பும் வரும்.

கொழுப்பான சாப்பாடு இந்தக் கானுக்குப் பெருமழை மாதிரி. சாப்பிடச் சாப்பிட ஓட்டம் கூடும், உடைப்பும் கூடும். கான் உடைந்த மலையில் மூட்டை மூட்டையாக உரம் போட்டால் என்ன ஆகும்? அடுத்த மழைக்கு உரமும் போகும், மேல் மண்ணும் போகும். அதே போலத்தான், வீங்கிய பிள்ளைக்குச் சத்துக் குறைவு என்று நினைத்து முழு ஆடைப் பால்மா, பட்டர், தேங்காய்ப்பால் கஞ்சி என்று தாய் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள். கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை வீங்குகிறது. ஆகையால் அந்தத் தாய் சோறு கொடுக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள். அவள் கொடுத்தாள். கொடுத்தது குடலில் தங்கவில்லை.

இந்த நோய்க்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயர் இன்டெஸ்டினல் லிம்பாஞ்சியெக்டேசியா. வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. வோல்ட்மன் நோய் என்றும் சொல்வார்கள். தோமஸ் வோல்ட்மன் என்பவர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்த வைத்தியர். அந்தக் காலத்தில் காரணம் தெரியாமல் உடம்பு வீங்கி, இரத்தத்தில் புரதம் குறைந்து வருகிறவர்கள் இருந்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும், ஈரலும் நன்றாக இருக்கும். பிறகு ஏன் குறைகிறது? 1961ஆம் ஆண்டில் வோல்ட்மனும் கூட இருந்தவர்களும் அப்படிப்பட்ட 18 பேரைப் பற்றி எழுதினார்கள். அல்புமினில் கதிர்வீச்சுள்ள அயடினை அடையாளமாகச் சேர்த்து, உடம்புக்குள் அனுப்பி, அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். வழக்கத்தைவிட வேகமாக மறைந்தது. சிறுகுடலில் இருந்து ஒரு துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது நிணநீர்க் குழாய்கள் விரிந்து போயிருந்தன. அதுதான் முடிச்சு அவிழ்ந்த இடம். வோல்ட்மன் 60 வருடத்துக்கும் மேல் அதே நிறுவனத்தில் வேலை செய்து 2021ஆம் ஆண்டில் காலமானார். கொழுந்து நிறுக்கிற மாதிரி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தது நமக்குப் பிடித்த விஷயம்.

இனி நம்ம பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வயதில் இருந்து அடிக்கடி வயிற்றோட்டம். வயிறு உப்பல். காலையிலும் மாலையிலும் கால் வீக்கம். ஆனால் நிறை பார்க்கும் நாளில் கார்டில் கோடு ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டு போனது. ஏனென்றால் தராசு சதைக்கும் நீருக்கும் வித்தியாசம் பார்க்காது. கட்டிய நீர் நிறையைக் கூட்டிக் காட்டும். கன்னம் புசுபுசு என்று இருக்கும், பார்க்கிறவர்கள் "புள்ள நல்லா இருக்கு" என்பார்கள். மேல் கையைப் பிடித்துப் பார்த்தால் குச்சி மாதிரி இருக்கும். உயரம் வளராது. இந்தப் பிள்ளையின் பாதத்தை அமத்திப் பார்த்துக் குழி விழுவதைக் கண்டவர் நம்ம மிட்வைஃப் அம்மா. அவர் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்.

டிஸ்பென்சரியில் சிறுநீர் பார்த்தார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினால், புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரிந்து வரும். பழைய முறைதான், ஆனால் பிரயோசனமான முறை. இப்போது கடதாசித் துண்டை நனைத்தும் பார்க்கிறார்கள். பிள்ளையின் சிறுநீர் தெளிவாக இருந்தது. அப்படியானால் சிறுநீரகத்தால் போகவில்லை. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தத்தில் அல்புமின் பார்த்தார்கள், இருக்கவேண்டிய அளவில் அரைவாசிகூட இல்லை. ஈரல் நன்றாக இருந்தது. பிறகு நெஞ்சு எக்ஸ்றே, இருதய ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இவ்வளவும் எதற்கு என்று தகப்பன் சலித்துக்கொண்டார். அதற்கும் காரணம் உண்டு. இதே மாதிரி ஒழுக்கு வேறு நோய்களாலும் வரும். வயிற்றில் கட்டி போடும் காசநோய், இருதயத்தைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது போன்றவை. அவை இருந்தால் முதலில் அவற்றுக்குத்தான் வைத்தியம். ஆகவே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்துதான் கடைசியில் இதைச் சொல்வார்கள்.

மலச் சோதனை ஒன்றும் உண்டு. அல்பா-1 அன்டிட்ரிப்சின் என்று இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், குடலில் செரித்துப் போகாது. அது மலத்தில் கூடுதலாக இருந்தால், இரத்தத்தில் இருந்து குடலுக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். இதற்குச் சில வேளை 24 மணித்தியால மலத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். அருவருப்புப் பட்டு பாதியைக் கொட்டிவிட்டுப் பாதியைக் கொடுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். மிஸி சொல்கிறபடி முழுவதையும் கொடுங்கள்.

கடைசியாக எண்டோஸ்கோபி. வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு சிறுகுடலைப் பார்ப்பது. இந்த நோயில் குடலின் உள்பக்கம் கோதுமை மாவு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும். அதில் இருந்து கடுகு அளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். பிள்ளையை மயக்கித்தான் செய்வார்கள். வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்று லயத்தில் யாரோ சொன்னார்களாம், அப்படி ஒன்றும் இல்லை.

மருந்து என்ன என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கு முதல் மருந்து சாப்பாடுதான். அதனால்தான் வைத்தியசாலை பாதி, நம்ம அடுப்படி பாதி.

கொழுப்பை மிகவும் குறைக்கணும். புரதத்தைக் கூட்டணும். குறைத்த கொழுப்புக்குப் பதிலாக, வைத்தியர் எம்.சி.டி. என்ற விசேட எண்ணெயை அளந்து கொடுப்பார். மற்ற எண்ணெய் நிணநீர்க் கான் வழியாகப் போகும் என்று சொன்னோம் அல்லவா, இது அப்படிப் போகாது. நடுத்தர நீளச் சங்கிலியுள்ள கொழுப்பு என்பதால் நேராக இரத்தத்துக்குப் போய் ஈரலைச் சேரும். கானுக்குப் பாரம் இல்லை. பிள்ளைக்குப் பலமும் கிடைக்கும். இந்த முறையைப் பற்றி 1960களிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்றுவரை இதைவிட நல்ல முதல் வழி வரவில்லை. இந்த எண்ணெயில் பொரிக்கக்கூடாது, சமைத்த சாப்பாட்டில் கலந்து கொடுக்கணும். கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டணும், எடுத்த எடுப்பில் கூடக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எம்.சி.டி. எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் இருந்தும் பிரித்து எடுக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒருவர் அந்தத் தகப்பனிடம், "அப்படின்னா தேங்காய் எண்ணெய் குடுத்தா போதுமே, எதுக்கு அம்புட்டு காசு" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம். அதன் பெரும் பங்கு நிணநீர்க் கான் வழியாகத்தான் போகிறது. நேராக இரத்தத்துக்குப் போகும் பகுதி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தனியாகப் பிரித்து எடுத்ததுதான் எம்.சி.டி. கொழுந்தும் தேத்தூளும் ஒன்று என்று யாரும் சொல்வோமா? அந்த எண்ணெய் விலை கூடியது, எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பது உண்மை. அதற்கு என்ன வழி என்று பிறகு சொல்கிறோம். ஆனால் அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

சமையலைப் பற்றிச் சொல்லும்போது, நம்ம வீட்டில் தேங்காய்ப்பால் இல்லாத கறி ஏது என்று தாய் அழுதாள். தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, விறகும் இல்லை. தனியாகச் சமைக்கத் தேவையில்லை. பருப்பை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தேங்காய்ப்பால் விடுவதற்கும் தாளிப்பதற்கும் முந்தி பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். கிழங்கும் மரக்கறியும் அப்படியே. ரொட்டிக்கு மாவு பிசையும்போது தேங்காய்ப்பூ போடுவதற்கு முந்தி ஒரு உருண்டை பிரித்து வையுங்கள். முட்டையில் வெள்ளைக்கரு கொடுக்கலாம், மஞ்சள்கரு மற்றப் பிள்ளைக்கு. கோழியில் தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு அவித்துக் கொடுக்கலாம். மீனும் அவித்துக் கொடுக்கலாம், பொரித்தது கூடாது. டின் மீன் எண்ணெயில் போட்டதா என்று பார்த்து வாங்குங்கள். சோயாமீட் நல்லது, எண்ணெயில் வதக்காமல். பால்மா என்றால் ஆடை நீக்கியதுதான். அதுவும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வைத்தியர் சொன்னால் மட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் தாங்களாகவே பாலை நிறுத்திவிடாதீர்கள், அதை வைத்தியர்தான் முடிவு செய்யணும். வடை, ரோல்ஸ், முறுக்கு, மிக்சர், கச்சான் கூடாது. மாஜரின் கூடாது. பழமும் சோறும் இடியப்பமும் கொடுக்கலாம். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றாமல்.

இதை ஒரு மாதம் செய்து வீக்கம் வற்றியதும் விட்டுவிடக்கூடாது. கான் திருந்திவிடவில்லை, மழைதான் குறைந்திருக்கிறது. பழையபடி சாப்பிட்டால் பழையபடி வீங்கும். ஆகவே இது பெரும்பாலும் ஆயுசு முழுவதுக்கும் உள்ள பத்தியம். எல்லோருக்கும் இதனால் மட்டும் குணம் தெரியும் என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நல்ல பலன் தெரிகிறது. போதாதவர்களுக்கு வேறு மருந்துகளும் ஊசியும் உண்டு. குடலில் ஒரு துண்டில் மட்டும் கோளாறு இருந்தால் அதை வெட்டி எடுப்பதும் உண்டு. இரத்தக் குழாய் வழியாக அல்புமின் ஏற்றினால் கொஞ்ச நாளைக்கு வீக்கம் வற்றும், ஆனால் ஏற்றியதும் அதே உடைப்பால் ஒழுகிவிடும். வெறும் தண்ணி மாத்திரையும் அப்படியே. அவசரத்துக்கு மட்டும்தான்.

வெளிநாட்டில் புது ஊசி வந்திருக்கிறதாமே என்று ஒரு தம்பி கேட்டார். அது வேறு. இதே மாதிரி புரதம் ஒழுகும், ஆனால் சீடி-55 என்ற ஒரு பொருள் உடம்பில் பிறவியிலேயே இல்லாததால் வரும் ஒரு பரம்பரை நோயை 2017ஆம் ஆண்டில் கண்டறிந்து எழுதினார்கள். அதற்கு மட்டும் ஒரு ஊசி மருந்தை 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். நம்ம பிள்ளையின் நோய்க்கு அது அல்ல. கடன் வாங்கி அதைத் தேடி அலையவேண்டாம்.

இப்போது பிள்ளைக்காம்பரா விஷயம். அரசாங்கக் கடிதங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதுகிறோம், வாயில் வருவது இதுதான். அந்தப் பிள்ளையின் நோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. கிருமியால் வந்த நோய் அல்ல, குழாய் அமைப்பில் வந்த கோளாறு. அந்தத் தாய்க்கு இனி வரும் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்பதும் இல்லை. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததும் உலகத்தில் உண்டு, ஆனால் பெரும்பாலும் தனி ஒருவருக்குத்தான் வருகிறது.

உண்மையில் பயப்படவேண்டியது அந்தத் தாய்தான். நோயை எதிர்க்கும் சக்தி ஒழுகிப்போகும் பிள்ளை அது. உங்கள் பிள்ளையின் சளியும் காய்ச்சலும் அந்தப் பிள்ளைக்குத் தொற்றினால் கடுமையாகத் தாக்கும். ஆகையால் காய்ச்சல் உள்ள பிள்ளையை ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது அந்தப் பிள்ளைக்காகவும்தான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் அதுக்காகத்தான். தடுப்பூசி விஷயத்திலும் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அதன் வைத்தியர் எழுதிக் கொடுப்பார். மிட்வைஃப் அம்மா அதைப் பார்த்துத்தான் போடுவார்.

பிள்ளைக்காம்பரா அக்காமார் கவனிக்கவேண்டியது இது. அந்தப் பிள்ளையின் சாப்பாடு வீட்டில் இருந்து வரும். பேர் எழுதிய தனி டப்பா. மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலும் பிஸ்கட்டும் பாவம் என்று பார்த்து ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். அது அழும், உங்களுக்கு மனசு கேட்காது. அதற்காக ஒரு வாழைப்பழம் எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். கை விரல் இழுத்துக்கொண்டால், வலிப்பு வந்தால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால் தாயைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு அதே நேரத்தில் டிஸ்பென்சரிக்கும் சொல்லுங்கள். தாய் வரும்வரை காத்திருக்கக்கூடாது.

எண்ணெய்ச் செலவுக்கு வழி சொல்கிறோம் என்றோம். கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் துண்டை எங்களிடம் கொண்டுவாருங்கள். முதலில் வைத்தியசாலையில் கிடைக்குமா என்று வைத்தியசாலைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கிறோம். இல்லாவிட்டால் நலன்புரி நிதிக்கு விண்ணப்பம் போடுவதும் எங்கள் வேலை. தாய்க்குக் கிளினிக் நாளில் லீவு தருவது பற்றித் துரையுடன் பேசியிருக்கிறோம். கிளினிக் கார்டைப் பிரட்டில் காட்டினால் போதும்.

கூட்டத்தில் சிலர் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் தருகிறோம்.

பெரியவர்களுக்கும் இது வருமா என்று ஒரு அக்கா கேட்டார். பெரும்பாலும் 3 வயதுக்குள் தெரியவரும். பெரியவரான பிறகு தெரியவந்தவர்களும் உண்டு. உங்களுக்கு இரண்டு காலும் வீங்கி நாள்பட்ட வயிற்றோட்டமும் இருந்தால், சிறுநீரும் அல்புமினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால் வலிக்குத் தைலம் பூசிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள்.

செய்வினைக்கு மந்திரிக்கலாமா என்று ஒரு பாட்டி கேட்டார். கயிறு கட்டுங்கள், திருநீறு பூசுங்கள், நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் மந்திரித்த எண்ணெயை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், பச்சிலைக் கசாயமும் வைத்தியருக்குத் தெரியாமல் வேண்டாம்.

கோயில் திருவிழா வருகிறதே, பிரசாதம் கொடுக்காமல் விடுவது எப்படி என்று அந்தத் தாயே கேட்டாள். அதற்குப் பூசாரி ஐயாவே பதில் சொன்னார். சர்க்கரைப் பொங்கலில் தேங்காய்ப்பாலும் நெய்யும் விடுவதற்கு முந்தி ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாக மூடி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளை வரும் திங்கட்கிழமையில் இருந்து பிள்ளைக்காம்பராவுக்கு வருகிறது. தாய் அன்றைக்கே பிரட்டுக்குப் போகிறாள்.